ஆர்டிஸின் துப்பாக்கி ஏன் நின்றது

என் அப்பா வெர்லின் டோர்ஷ் உட்கார்ந்து சாப்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார். விஸ்கான்சினின் வடக்கே பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் ஓட்டினார். பிப்ரவரியில் ஒரு பண்ணை வாசலில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, டேங்கர் படியிலேயே இறந்துபோனார்.

வீட்டில் அவரை ஓரிடத்தில் நிறுத்தியது தோட்டா செய்யும் பிரஸ்தான். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்தும் குண்டும் வைப்பார். ஊர்த் துப்பாக்கி சுடும் கிளப்பில் பாதிப் பேர் சுட்டது அவருடைய தோட்டாவை. அவர் சுட்டதோ, தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளும் வேட்டைத் துப்பாக்கியில். ஒன்று வெடித்ததும் அடுத்ததைத் தானே நிரப்பிக்கொள்ளும் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சோம்பேறிகளின் துப்பாக்கி என்பார்.

ஆர்டிஸ் குவாமிடம் இருந்தது அப்படிப்பட்ட ஒன்று. பள்ளிச் சமையற்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அப்பாவுக்கு நெடுநாள் சிநேகிதி. செப்டம்பர் போட்டியில் வேகமாகச் சுடும் சுற்றின் நடுவே அவர் துப்பாக்கி சுடாமல் நின்றது. எங்கள் கிளப்பில், நின்றால் எதையும் தொடாமல் கையைத் தூக்க வேண்டும். கடைத் தோட்டா என்றால் மறுபடி சுட விடுவார்கள். வீட்டில் செய்தது என்றால் கிடையாது. ஆர்டிஸ் சுட்டது அப்பா செய்த தோட்டா. கையைத் தூக்கினார், சுற்று போயிற்று. அடுத்த சுற்றிலும் அதே கதை.

அந்த வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"போல்ட்டைத் திருப்பித் தள்ளுற உன் ஸ்பிரிங் செத்துப்போச்சு. புதுசு போடு" என்றார் அப்பா.

"ஸ்பிரிங் இல்ல வெர்லின், உன் தோட்டா."

"என் துப்பாக்கில வெண்ணெய் மாதிரி போகுது."

"அப்ப நீயே வச்சு சுட்டுக்க."

அதன்பின் பேச்சில்லை. எதிரெதிரே வண்டியில் வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவருக்குக்கூடச் செய்யும் மரியாதை. அதையும் இருவரும் நிறுத்தினார்கள். அப்படியே பிப்ரவரி வந்தது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் அடித்தளத்தில் ரொட்டியும் பன்றியிறைச்சியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, ஆர்டிஸ் என் கையைப் பிடித்தார். "உங்கப்பன் சொன்னதுதான் சரி கண்ணு. புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டுட்டேன். ஏப்ரல் போட்டில அவன் கடைசியா குடுத்த டப்பாவைத்தான் சுடப்போறேன்."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என்னால் முடியவில்லை. காகித ஆலையில் நின்றுபோன இயந்திரங்களுக்குக் காரணம் தேடுவது என் வேலை. ஆள் இறந்ததால் காரணம் மாறாது. காரணம் தோட்டாவாக இருந்து, அது முழுதாக உள்ளே போகாத நிலையில் வெடித்தால், ஆர்டிஸின் கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். அவர் வீட்டு வாசல்வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். கடைசியில் அவரிடம் போய் ஸ்பிரிங்கைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று துப்பாக்கியையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டேன்.

கிளப் மைதானத்தில் சுட்டுப்பார்த்தேன். கடைத் தோட்டா தங்குதடையில்லாமல் ஓடியது. அப்பாவுடையதில் போல்ட் முழுதாகப் பின்னால் போனது, அடுத்த தோட்டாவை எடுத்தும் கொண்டது, ஆனால் விரல் நகமளவு மூடாமல் நின்றுவிட்டது. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டேன். மருந்து குறைவாக இருந்தால் போல்ட் போதிய தூரம் பின்னால் போகாது. எனவே மருந்து இல்லை. புது ஸ்பிரிங்கிலும் நிற்கிறது. எனவே ஸ்பிரிங்கும் இல்லை. மிச்சம் பித்தளைக் கூடு. கூடு குறுகத் தொடங்கும் தோள்பகுதியை அளக்கும் கேஜில் கடைத் தோட்டா விளிம்போடு சமமாக உட்கார்ந்தது. அப்பாவுடையது மயிரிழை வெளியே நின்றது, கூடு அவ்வளவு நீளம் அதிகம்.

அடுத்து, அதே அளவுத் தோட்டாவைச் சுடும் அவருடைய வேட்டைத் துப்பாக்கியை எடுத்தேன். தோட்டா வெடிக்காதபடி சுடும் ஊசியைக் கழற்றிவிட்டு ஒரு தோட்டாவை வைத்தேன். கடைசியில் சற்று இறுகியது, உள்ளங்கையால் தள்ளியதும் மூடிக்கொண்டது. அச்சை இந்தத் துப்பாக்கிக்குத்தான் பொருத்தியிருந்தார். பால் குழாய்களை இழுத்த கைக்கு அந்த இறுக்கம் தெரிந்தே இருக்காது. ஸ்பிரிங்குக்கு அந்தக் கை கிடையாது. அப்பாவின் கொட்டகையைச் சுற்றி நடந்தேன். வேறு காரணம் ஒன்று கிடைத்தால் தேவலை போலிருந்தது. கிடைக்கவில்லை.

ஆர்டிஸிடம் சொன்னேன். முகம் இறுகியது.

"உன்னை யாரு பார்க்கச் சொன்னது? அவன்தான் சரின்னு சொல்லி நான் சண்டையை முடிச்சுட்டேன்."

"அது உண்மை இல்ல ஆர்டிஸ். அப்பா பண்ணது தப்பு."

அவர் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினார், கழுவியதையே மறுபடி கழுவினார். எத்தனை பேரிடம் இந்தத் தோட்டா இருக்கிறது என்று முதுகைக் காட்டியபடியே கேட்டார். தானாக நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

முதலில் கிடைத்தவர் கிளப் செயலாளர் கார்டி. வெர்லின் தோட்டாவில் தப்பே வராது, உன் துப்பாக்கியைத்தான் பார்க்கணும் என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது.

"துப்பாக்கி இல்ல கார்டி. தோட்டா. அவன் மக அளந்து பார்த்துட்டா… செத்தவனா? செத்தவன் தப்புப் பண்ண மாட்டானா? உசுரோட இருந்தப்பவே அவனுக்குக் காது கேக்காது, உனக்கும் அதேதான்."

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. சிவந்துபோன முகத்தோடு, இலையுதிர்காலம் முழுக்க அடக்கிவைத்ததையெல்லாம் கார்டியின் தலையில் கொட்டினார். அவர் சரி, சுடவில்லை என்றதும் ஆர்டிஸ் போனை வைத்தார். மூச்சு வாங்கியது.

"அடுத்து யாரு?" என்றார்.

பெயரைச் சொன்னேன்.