தண்ணீர் குடிக்காத கிரேன்காரர்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் 'ஒட்டகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர். கழிப்பறை கீழே. இரும்பு ஏணியில் இறங்கி ஏற அரை மணி நேரமாகும். அதுவரை கப்பலும் லாரிகளும் காத்து நிற்கும். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசுவார். அதனால் வேலை நாளில் இவர் காய்கறி, பழம், பயறு எதையும் தொடமாட்டார். வெள்ளை ரொட்டி, அவித்த முட்டை, ஒரே ஒரு கோப்பைத் தண்ணீர். எட்டு மணி நேரமும் வயிறு வாயைத் திறக்காது.

"ஒட்டகத்தைப் பாருங்கடா! ஒரு தடவையாவது இறங்குறாரா?" என்று ஒயர்லெஸ்ஸில் சூப்பர்வைசர் மற்றவர்களைத் திட்டும்போது இவருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மும். பாவி மனிதர்!

ஓய்வு பெற்ற பிறகும் அதே சாப்பாடுதான். அறுபத்தேழு வயதில், வாரத்துக்கு ஒருமுறை வயிறு இளகுவதே பெரும்பாடாகிவிட்டது. மனைவி நச்சரித்து டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"வயசாக ஆக குடல் மெதுவாத்தான் வேலை செய்யும் ஐயா. நீங்க அதைப் பட்டினி வேற போட்டிருக்கீங்க. நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. இந்தத் தூள்ல ஒரு ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணியில. நாள் முழுக்கத் தண்ணி குடிங்க. அடைச்சுக்கிச்சுன்னா குடலை வெட்ட வேண்டி வரும்."

வெட்டுவார்கள் என்பது மட்டும்தான் அவர் மனதில் நின்றது. மறுநாளே தோலோடு ஆப்பிள், கிண்ணம் நிறைய பீன்ஸ், மூன்று ஸ்பூன் தூள்.

"உங்கப்பா பச்சையா எதையாவது பார்த்ததே டிராஃபிக் லைட்டுலதான். இப்ப வந்து பாரேன்!" என்று மனைவி போனில் மகளிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "தண்ணி குடிச்சீங்களா?" என்றாள்.

"குடிச்சேன், குடிச்சேன்."

பொய்யில்லை. ஒரு மிடறு குடித்திருந்தார். அவருக்கு அதுவே அதிகம். அத்தனை வருஷம் விரட்டியடித்த தாகம் இப்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. விழுங்கிய தூள் ஊற வழியில்லாமல் உள்ளே களிமண்ணாக இறுகியது.

ஒன்பதாம் நாள் வயிறு உப்பி, வாந்தியெடுத்து, கூடத்திலேயே சரிந்தார்.

ஆபரேஷனில் ஒரு முழம் குடல் போயிற்று. வயிற்றில் ஒரு துளை. அதில் மலம் சேர ஒரு பை. அதை மாற்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் கற்றுக்கொண்டாள். நர்ஸ் போனதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்காக இப்படி அடக்கிட்டு உட்கார்ந்தீங்க? அந்த சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தானா?"

"நான் இறங்கினா கப்பல் நின்னுடும்டி."

"நிக்கட்டுமே! ஒரு நாள் நின்னா கடல் வத்திடுமா?"

அவள் டம்ளரை நீட்டினாள். முழுவதையும் குடித்தார். மறுபடி ஊற்றினாள், அதையும் குடித்தார். ஒரு வாய் தண்ணீருக்காக அவரோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவள், அவர் மறுபேச்சில்லாமல் குடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதாள்.