புலித்தடம் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனேன். நானா? நானேதான். பஸ் வளைவில் திரும்பினாலே கண்ணை மூடிக்கொள்கிற அதே ஆள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு காப்புக்காடு. டிக்கெட் வாங்கினால் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். “கொழும்புலேர்ந்து வந்து பாக்குறாங்க, நாம பக்கத்துலயே கெடக்கோம்” என்றாள் என் மனைவி சரசு. அந்தக் காட்டை ஒட்டிய ஏழாம் நம்பர் மலையில்தான் அவள் தினமும் கொழுந்து எடுக்கிறாள்.

கொழும்புக்காரர்கள் நாலு பேர், அதில் ஒருவர் கழுத்தில் பெரிய கேமரா, நாங்கள் இரண்டு பேர், முன்னால் வழிகாட்டி சுனில்.

மரங்களுக்குள் நுழைந்ததுமே வெளிச்சம் போய்விட்டது. பாசி தொங்கும் கிளைகள்... பனிமூட்டம் வேறு. என் கை தானாகத் தட்டத் தொடங்கியது. “ஓய்... வர்றோம்... வர்றோம்...”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. காட்டோர மலையில் இறங்கும் முன் பெண்கள் தகரத்தைத் தட்டிச் சத்தம் போடுவார்கள். சிறுத்தை, எங்கள் பேச்சில் புலி, விலகிப் போய்விடும்.

சுனில் திரும்பினார். சிங்களவர்; ‘ஐயா’வுக்கு அவர் வாயில் ‘மாத்தயா’தான். “மாத்தயா, சத்தம் வேணாம். மிருகம் எல்லாம் ஓடும்.”

“ஓடணும்னுதாங்க போடுறேன்.”

கேமராக்காரர் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சத்தமில்லாமல் காட்டில் நடந்திருக்கிறீர்களா? எச்சில் விழுங்குவதுகூடக் காதில் விழுகிறது. எங்கோ ஒரு குரங்கு கத்திக்கொண்டே இருந்தது. பிறகு நிறுத்திவிட்டது. நிறுத்தியதுதான் மோசம்.

ஓடைக்கரைச் சேற்றில் தடம். என் உள்ளங்கை அகலம். பள்ளத்தில் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

“இப்பதான் போயிருக்கு” என்றார் சுனில், சந்தோஷமாக.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு? கீழே. காட்டு வேலியின் இடைவெளி வழியாக... ஏழாம் நம்பர் மலைக்கு.

“சரசு, நாளைக்கு நீ வேலைக்குப் போகாத.”

அவள் குனிந்து பார்த்தாள் — பக்கத்து லயத்து வீட்டு ஆளைப் பார்ப்பது போல. “இதுவா? ஒரு வெரல் வளைஞ்சிருக்கு பாருங்க. மூணு மாசமா இங்கதான் சுத்துது.”

“மூணு மாசமாவா?”

“எங்க தேயில நெரையிலேயே ரெண்டு தரம் படுத்திருந்துச்சு. தகரத்தத் தட்டுனோம், எந்திரிச்சுப் போயிருச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க தூங்குவீங்களா? என்னையும் தூங்க விட மாட்டீங்க. தூக்கக் கலக்கத்தோட அந்த மலையில நிக்கிறதுதாங்க எனக்குப் பயம்.”

திரும்பும் வழியெல்லாம் அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். பயந்தவனிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. அவனும் பஸ்ஸுக்கும் இடிச்சத்தத்துக்கும் காற்றில் ஆடும் கூரைத் தகரத்துக்கும் பயந்துகொண்டு, பயப்பட வேண்டியது தெரியாமலே இருந்துவிடுகிறான்.

திங்கட்கிழமை விடியல். வெளியே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சரசு இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல நினைத்தேன். கேட்டது வேறு.

“அது மட்டும்தானா சரசு? எங்கிட்ட சொல்லாதது வேற ஏதும் இருக்கா?”

கொழுந்துப் பையைத் தலையில் மாட்டினாள். “நேரமாச்சுங்க.”

நேரமாச்சு என்றால், இல்லை என்று அர்த்தமில்லையே...