முப்பது ரூபாய்ச் சம்பளம்

யுத்தத்தில் துணித் தட்டுப்பாடு வந்ததும் தெற்குவாசல் தையல்காரர் காசிம் கடையை மூடினார். பட்டணத்தில் பட்டாளத்து உடுப்புத் தைக்க மாதம் முப்பது ரூபாய் கிடைக்கும் என்று மச்சினன் எழுதியிருந்தான். குடும்பத்தோடு அங்கே போனால் வாடகை, அரிசி, விறகு என்று எப்படிக் கணக்குப் போட்டாலும் ஐந்து பேருக்கு ஆறு ரூபாய் குறைந்தது.

"நான் ஒரு வேளை சாப்பிட்டுக்கிறேங்க. எல்லாருமாப் போயிருவோம்," என்றாள் மனைவி அஜ்மல் பீவி.

"அம்மா இப்பவே ஒரு வேளைதான் சாப்பிடுது அத்தா," என்றாள் மூத்த மகள்.

காசிமால் தலை நிமிர முடியவில்லை. தினமும் தனக்குப் பரிமாறியவள் சாப்பிட்டாளா என்று அவர் கவனித்ததே இல்லை.

மறுநாள் தனியாகவே ரயிலேறினார். தையல் கூடத்திலேயே படுத்துக்கொண்டு மாதம் இருபது ரூபாய் வீட்டுக்கு அனுப்பினார். ஊருக்கு வர எடுத்துவைத்த ரயில் கட்டணமும் ஒவ்வொரு முறையும் அரிசிக்கே போயிற்று. மூன்று வருஷம் பிள்ளைகள் முகத்தை அவர் பார்க்கவில்லை.