மோர்ப் பந்தலும் சோடாவும்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன்பின் தெற்கே ஒரு சிறு பட்டினத்தில் மாமாவின் சுருட்டுக் கடையில் நின்றேன். பகலில் விற்பதும் அங்கேதான், இரவில் மூட்டைகளுக்கு நடுவே பாயைப் போட்டுப் படுப்பதும் அங்கேதான். கல்யாணத்துக்கு வேலணைக்கு வந்தபோது இனித் திரும்புவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். மாமாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆனித் திருவிழா முடிய வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவியின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், பள்ளிக்கூட வாத்தியார்; விஞ்ஞானம் படித்தவர். ஊரிலேயே ஏதாவது தொழில் செய்ய எனக்கு விருப்பம் என்று மனைவி அவரிடம் சொல்ல, சில நாள் யோசித்துவிட்டு வந்தார்.

"மச்சான், உமக்குச் சோடாதான் சரி. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போற சனம் முழுக்க ஊர்காவற்துறையிலை வள்ளத்துக்குக் காத்து வெய்யிலுக்கை நிக்குது. வெய்யிலெண்டால் தாகம். அங்கத்தைக் கிணத்துத் தண்ணி உவர். பிறகென்ன?"

கேட்க எனக்கும் சரியாகத்தான் பட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய சோடா மெசினைத் தேடிப் பிடித்துத் தந்தவரும் அவரே. தண்ணீருக்குள் காற்று எப்படி அடங்கி நிற்கிறது என்று சிலேட்டில் கீறி விளக்கினார். எனக்கு விளங்கியது ஒன்றுதான். திருவிழாவில் விற்றால் ஊரில் கடை, விற்காவிட்டால் மாமா.

திருவிழாவுக்கு முதல் நாள் மாலை குசினிக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சுவரோரம் வரிசையாகத் தயிர்ப் பானைகள்.

"இவ்வளவும் எதுக்கு?"

"மறந்துபோனியளோ? துறையடி மோர்ப் பந்தல் எங்கடை வீட்டு உபயமெல்லோ. வருசா வருசம் அண்ணைதானே நிண்டு சனத்துக்குச் சும்மா ஊத்துறவர்" என்ற மனைவி, மோரில் பிழியத் தேசிக்காய் நறுக்கிய கையை நிறுத்தினாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"நீர் ஒருக்கா அண்ணையிட்டைச் சொல்லும்" என்றேன்.

"அப்பான்ரை நேர்த்திக்கடன். மோரை நிப்பாட்டுங்கோ எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?"

நானே போனேன். வாசலில் நின்று இழுத்து இழுத்து ஒருவாறு சொல்லி முடித்தேன். அத்தான் சிரித்தார்.

"அது தருமம், இது வியாபாரம். ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பக்கூடாது மச்சான். மோர் குடிக்கிறவன் வேறை, சோடா குடிக்கிறவன் வேறை."

அவர் பிரித்துச் சொன்னபோது பிழை எங்கே என்று எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் துறையில் நல்ல சனம். அத்தான் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க மோர் ஊற்றினார். சற்றுத் தள்ளி நான், போத்தல் பெட்டிகளோடு. கூவி விற்க வேண்டும். மாமாவின் கடையில் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்துப் பழகியவன் நான், கூவிப் பழகவில்லை. அதுவும் நேர்த்தி மோருக்குப் பக்கத்தில் நின்று. போத்தல்களைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

அத்தான்தான் எனக்காகக் கூவினார். ஒவ்வொருவரின் செம்பையும் விளிம்பு வரை நிரப்பிவிட்டு, "சோடாவும் இருக்கு, அந்தா மச்சானிட்டை!" என்றார்.

"வயித்திலை இடமில்லை வாத்தியார்!" என்று ஒருவர் சொல்லக் கூட்டம் சிரித்தது. ஒரு கிழவி என்னிடம் வந்து, "ஏன் தம்பி, மைத்துனர் சும்மா தாறார், நீர் காசுக்கு விக்கிறீர். ஒரு வீட்டுக்குள்ளை ரெண்டு கடையோ?" என்று கேட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினாள்.

வெயில் சாயும்போது பெட்டிகள் ஏறக்குறையக் கொண்டுவந்தபடியே நிறைந்திருந்தன. அத்தான் கடைசிப் பானையிலிருந்து ஒரு செம்பு வார்த்துக்கொண்டு வந்தார்.

"குடியும், களைச்சுப் போனீர். சனத்தின்ரை மனத்தை இன்னும் படிக்க வேணும். வாற வருசத்துக்கு யோசிப்பம்."

எனக்கும் நல்ல தாகம். வாங்கிக் குடித்தேன்.

அந்தக் கிழமை முடியுமுன்பே தெற்கே ரயில் ஏறினேன். மாமா சுருட்டுக் கட்டுகளை அடுக்கச் சொன்னார். இரவு, மூட்டைகளுக்கு நடுவே என் பாய் நான் சுருட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.