பூஜையில் வைத்த பம்ப்

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் சுத்தியல், ஸ்பேனர், லேப்டாப் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. போன வருஷம் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்ப்பையும் சேர்த்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. முதல் நாளே அதைப் பிரித்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, விடிந்ததும் சந்தனம் குங்குமம் இட்டுப் பூஜையில் வைத்துவிட்டேன்.

ஆறரை மணிக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் அம்மா வாசலில் நின்றார். குரோம்பேட்டையில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பகலில் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

“டயர்ல காத்தே இல்ல சார். கடையெல்லாம் மூடிக்கீது. பம்ப்பு கொஞ்சம் குடுங்க சார்.”

“பூஜையில வச்சாச்சும்மா. நாளைக்குத்தான் எடுக்கணும்.”

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பெரியவரோட பொண்ணு ஏழு மணிக்கு டூட்டிக்குக் கிளம்பிடுவா. இவங்க போய் ஊட்டினாத்தான் அவருக்கு இட்லி. நம்ம கீழ்க்கட்டளையிலேருந்து குரோம்பேட்டைக்கு நடந்து எப்போ போய்ச் சேர்றது?”

பம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் அவரைப் பிடித்துவிட்டேன். அடித்தேன், அடித்தேன், கைதான் வலித்தது. கைப்பிடி கனமே இல்லாமல் இறங்கியது. டயர் அப்படியே கிடந்தது.

மூடியைத் திருகித் தண்டை உருவினேன். அதன் நுனியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு தோல் வாஷர். அழுத்தும்போது அதன் விளிம்பு விரிந்து குழாயின் உட்சுவரை ஒட்டிக்கொள்ளும். காற்று மேலே தப்ப வழியில்லாமல் டயருக்குள் போகும். இழுக்கும்போது விளிம்பு சுருங்கிப் புதுக் காற்றை உள்ளே விடும். அவ்வளவுதான் பம்ப். அதற்குத் தோல் எண்ணெய்ப் பதத்தோடு இருக்கவேண்டும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நான் அதை அப்பளமாகக் காய வைத்திருந்தேன்.

அந்த அம்மா பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தார். தடவி, பிசைந்து, விளிம்பை விரித்து மாட்டினேன். நாலைந்து அடியிலேயே கைக்குக் கனம் தெரிந்தது. டயர் எழும்பியது. அப்பாடா என்றிருந்தது.

என் தப்பை மறைக்க ஏதாவது பேசவேண்டுமே. “பண்டிகை நாளாச்சே, இன்னிக்கு ஒருநாள் லீவு கேட்டிருக்கலாமேம்மா?” என்றேன்.

அவர் பெடலில் கால் வைத்தார்.

“பெரியவருக்கு இன்னிக்குப் பசிக்காதா சார்?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.