படத்தின் கீழே என் பெயர்

போடிமெட்டு அருங்காட்சியகத்தில் ஒரு படத்தின் கீழே இருக்கும் என் பெயரை எடுத்துவிடச் சொல்லிப் போன வாரம் எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள். படத்தை வரைந்தவள் என் அக்கா. அவள் இப்போது இல்லை.

அம்மா வேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டத்து முதலாளி ஊர் ஊராகப் போய்ப் படங்கள் வாங்கிச் சேர்த்தவர். அவற்றை மாட்டுவதற்கென்றே பங்களாவை ஒட்டி ஒரு கூடம் கட்டினார்; இன்றைய அருங்காட்சியகம் அதுதான். எங்கள் வீட்டுச் சுவரில் அக்கா ஒட்டியிருந்த கரிப்படம் ஒன்றைக் கங்காணி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கும் கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் நான்தான் முதல். என் பரீட்சைத் தாளுக்கு யாரும் சட்டம் போட்டதில்லை. அக்காவோ ஐந்தாவதோடு நின்று, அம்மாவோடு காய் எடுக்கப் போகிறவள்.

கூடம் திறந்த அன்று எங்களையும் கால் கழுவச் சொல்லி உள்ளே விட்டார்கள். ராஜாக்கள், கப்பல்கள், பழத்தட்டுகள் எல்லாம் தாண்டிக் கடைசிச் சுவரில் அக்காவின் படம். செடியின் அடியில் காய்க்கும் ஏலத்தை நான்கு பெண்கள் குனிந்து எடுக்கிறார்கள். எல்லோரும் பின்னாலிருந்து தெரிகிறார்கள்; ஒருத்திக்கும் முகமில்லை. மூன்றாமவள் ரவிக்கையின் முதுகில் சதுரமாக ஒரு ஒட்டு.

அம்மா முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள். குளிராக்கும் என்று நினைத்தேன்.

“இத வரைஞ்ச பிள்ளை யாரு?” என்றார் முதலாளி.

அக்கா வாயைத் திறப்பதற்குள், “நாந்தேன்யா” என்றேன்.

“அடேயப்பா! ஏண்டா, ஒருத்திக்குக்கூட மூஞ்சியக் காணோம்?”

“மூஞ்சி வரைய வராதுங்கய்யா.”

எல்லோரும் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை என் பெயரைக் கேட்டு அட்டையில் எழுதினார். அம்மா அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி முன்னால் மகனைப் பொய்யன் ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை.

திரும்பி நடக்கையில் அக்கா ஒன்றுதான் சொன்னாள்: “எனக்கு மூஞ்சி வரைய வரும்டா.”

“பெறகு ஏன் வரையல?”

முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். பதில் தெரியாமல் முழிக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம். அதன்பின் அவள் கரியைத் தொடவில்லை; அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அம்மாவின் பின்னாலேயே கூடை தூக்கிப் போனவள் அவள். அந்த ஒட்டைத் தைத்துக் கொடுத்ததும் அவளாகத்தான் இருக்கும். ராத்திரி சோறு போட்ட அம்மாவின் முகத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, அது யாருடைய முதுகு என்று அன்று தெரியவில்லை.