அமுக்கம் எடுத்த பாட்டுகள்

திண்டிவனம் சாலையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பேருந்துகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. நான் கை காட்டவில்லை. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போன். செஞ்சியில் அண்ணியிடம் அண்ணனின் பாட்டுகள் இருந்த பென் டிரைவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். "சாப்டுட்டுப் போ தம்பி" என்று அவர் சொல்லவில்லை. எப்போதும் சொல்கிறவர்தான்.

அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மன் பாட்டு பாடுவார். ஓட்டம் இல்லாத மதியங்களில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடை மாடியிலிருந்த ரெக்கார்டிங் அறையில் ஒவ்வொன்றாக ஆறு பாட்டு பாடிவைத்தார். முதலுக்கும் ஆறாவதுக்கும் நடுவே பல மாதங்கள். பிறகு நுரையீரலில் புற்று என்றார்கள். சீக்கிரமே போய்விட்டார். அப்போது நான் கேரளாவில் ஓர் ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். போன் உடைந்து கிடந்தது. செய்தி சுற்றி வளைத்து வந்து, நான் ஊர் சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்குத் தெரிந்த பல அரைகுறை வேலைகளில் பாட்டுப் பதிவு வேலையும் ஒன்று. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி, ஒயர் சுற்றி, கடைசியில் பாட்டுகளை மாஸ்டரிங்குக்கு அனுப்பும் பக்குவத்தில் ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொண்டேன். பாட்டு வெளியே போவதற்கு முன் அதன் மேல் விழுகிற கடைசிக் கை மாஸ்டரிங். அங்கே பழக்கமான ஒருவர் அண்ணன் பாட்டுகளைச் செய்து தருவதாகச் சொன்னார். எல்லார் போனிலும் தன் பாட்டு வரவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. ஆடியில் கூழ் ஊற்றுவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்பது அண்ணியின் ஆசை.

எங்கள் பக்கத்தில் பாட்டு என்றால் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் ஒலிப்பது. அடுத்த ஊருக்குக் கேட்கவில்லை என்றால் அது பாட்டே இல்லை. அதனால் ரெக்கார்டிங்காரர் எல்லாப் பாட்டையும் அமுக்கிவைத்திருந்தார். மெல்லிய இடங்களைத் தூக்கி, உயர்ந்த இடங்களைத் தட்டி, எல்லாம் ஒரே மட்டம். திரையில் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோல இருக்கும். மாஸ்டரிங் செய்கிறவருக்கு இது உதவாது. சத்தத்துக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, அமுக்காத பாட்டாகக் கொடுக்க வேண்டும். "சாமான் அடைச்ச வீட்ல பெயிண்டர் எங்கடா நிப்பான்?" என்பார் சென்னைக்காரர்.

அண்ணன் பாடிய அதே அறையில் நான் வேலை செய்த நாட்களில் அண்ணி டிபன் பாக்ஸோடு மாடியேறி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "ஊட்ல போன்ல கேட்டா அழுவ வருது தம்பி. இங்க வேலயாட்டம் இருக்குது."

முதல் பாட்டில் அமுக்கத்தை எடுத்தேன். சத்தம் சட்டென்று இறங்கியது.

"இன்னா தம்பி, பாட்டு கெணத்துல உழுந்துடுச்சா?"

"தூக்குறதுக்கு மெட்ராஸ்ல ஆளு இருக்குது அக்கா" என்றார் ரெக்கார்டிங்காரர்.

அண்ணி சிரித்தார். நான் வந்த பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அமுக்கம் இல்லாத குரல் ஏறியது, இறங்கியது, ஓர் இடத்தில் கொஞ்சியது. அண்ணன் பக்கத்தில் நின்று பாடுவதுபோல இருந்தது.

ஆறாவது பாட்டில் பல்லவியின் நடுவே குரல் அறுந்தது. அன்றைக்கு அவர் திரும்பத் திரும்பப் பாடியிருந்ததெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. நல்லதாக ஒரு வரி கிடைத்தால் ஒட்டிவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அறுந்தது. நடுநடுவே மைக்கை நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். இருமல் வந்தது. பிறகு அண்ணனின் குரல், பதில் சொல்லும் ரெக்கார்டிங்காரர் குரல்.

"இன்னொரு தபா எடுக்கலாம்பா."

"போதும்ணா, வேர்த்து ஊத்துது. ஆஸ்பத்திரிக்குப் போனியா இல்லியா?"

"போனேன், போனேன். பாண்டிச்சேரிக்குப் போவச் சொல்றான். நீ எங்க ஊட்ல வாய வுட்டுறாத."

நான் நிறுத்துவதற்குள் எல்லாம் கேட்டுவிட்டது. ரெக்கார்டிங்காரர் எதிரொலி அடங்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"எந்தப் பாட்டுலருந்து தம்பி?"

எப்போதிலிருந்து மூச்சு வாங்கியது என்று கேட்கிறார், புரிந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டேன். முதல் இரண்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஒரு நீண்ட வரியின் பாதியில், மூச்சு எடுக்கக் கூடாத இடத்தில் எடுத்திருந்தார். அமுக்கிவைத்திருந்தபோது அது தெரியவே இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணியும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

"மூணாவதுலருந்து."

அண்ணி விரல்விட்டு மாதத்தை எண்ணினார், வேர்க்கடலை பிடுங்குகிற மாதம். கீழே ஒரு நடத்துநர் மேல்மலையனூர், மேல்மலையனூர் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"அப்ப மல்லாட்ட புடுங்கினு இருந்தோம். ஆளு கெடைக்கல, இவர கூட்டினு போனேன். பாதியில வரப்புல குந்திக்கினாரு. 'பாடுறதுக்கு மட்டும் மூச்சு இருக்குது, வேலைக்கு இல்லியா'ன்னு கேட்டேன். அத்தினி பேரு எதிர்ல. சிரிச்சாரு."

பிறகு சொன்னார்: "பழையபடி வெச்சிடு தம்பி."

"இன்னா அண்ணி?"

"மொதல்ல கத்திக்கினு இருந்துதே, அப்படியே வெச்சிடு."

அப்படி வைத்தால் சென்னைக்கு அனுப்ப முடியாது என்றேன். குழாயில் போட்டால் ஊரில் ஒருத்தருக்கும் இந்த மூச்செல்லாம் தெரியாது என்றேன்.

"எனக்குக் கேக்குமே."

"அண்ணன் ரொம்ப ஆசைப்பட்டுச்சு அக்கா" என்றார் ரெக்கார்டிங்காரர்.

"எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாரா அவரு?"

அமுக்கத்தைத் திரும்பப் போட்டேன். ஆறு பாட்டும் மட்டமாக, உரக்க எழுந்து நின்றன. உடம்புக்கு ஒன்றுமே இல்லாத மனிதர் பாடினார். அண்ணி கண்ணை மூடிக் கேட்டார். கடைசிப் பாட்டு முடிந்ததும், அமுக்காததையும் இருமல் இருந்த பதிவுகளையும் அழித்துவிடச் சொன்னார். ரெக்கார்டிங்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் அழித்தேன். எனக்கென்று ஒரு நகல் எடுத்திருக்கலாம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எடுக்கவில்லை. சென்னைக்குப் போன் செய்து பாட்டு வராது என்றேன். ஏன் என்று கேட்டார். வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு திண்டிவனம் சாலையோர நிழற்குடை ஒன்றில் படுத்தேன். காலையில் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு ரைஸ் மில் வாசலில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூட்ட தூக்குவியா?"

"தூக்குவேன்."

"உள்ள போனா பேசுறது ஒண்ணும் கேக்காது. கை சாடதான். பரவால்லியா?"

"பரவால்ல" என்றேன். மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கி ஒன்றைக் கையில் கொடுத்து, உள்ளே கூட்டிப்போனார்.